மிக்ஸி ஏன் கத்துகிறது?

2020 ஜூலை. ஊரடங்கு தொடங்கும்போது பெங்களூரிலிருந்து ஈரோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தவன், நான்கு மாதமாக அங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை 9 மணிக்கு வாடிக்கையாளரோடு மீட்டிங். நான் பேசிக்கொண்டிருக்கும்போது சமையலறையில் அம்மா மிக்ஸியைப் போட்டார். “ஃபேக்டரில உக்காந்து வேலை பாக்கறீங்களா?” என்று மேனேஜர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நான் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போய், ஒரு வார்த்தை பேசாமல் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தேன். அம்மா ஜார் மூடியின் மேல் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். அன்றைக்கு இட்லிக்குப் பொடிதான்.

ரெண்டு வாரம் கழித்து, விடிகாலை 5 மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். புறக்கடையில் கல்லோடு கல் உரசும் சத்தம். போய்ப் பார்த்தால், அம்மா அம்மியில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். முட்டிவலிக்காரர். கீழே உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துத்தான் எழுவார்.

“மிக்ஸி ரிப்பேராம்மா?”

“இல்ல கண்ணு. நீ எந்திரிச்சா மீட்டிங்கும்ப. இதுல சத்தமில்லாம ஆயிருமல்ல.”

திரும்பி வந்து படுத்தேன், தூக்கம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அம்மா இதை முதல்முறையாகச் செய்யவில்லை. அப்பா நைட் ஷிப்ட் முடித்துவந்து தூங்கும் காலங்களில் மிக்ஸி மதியத்துக்குப் போனது. எனக்கும் தங்கைக்கும் பரீட்சை என்றால் நாங்கள் கிளம்பிய பிறகு ஓடியது. டிவியில் மேட்ச் என்றால் ஓவர் முடிந்து விளம்பரம் வரும்வரை, மசாலா ஜாரில் காத்துக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் அந்த வீட்டில் மிக்ஸி சத்தம் போட்டால், “அம்மா!” என்றுதான் எல்லோரும் கத்தினோம். சத்தம் போட்டது மோட்டார். திட்டு வாங்கியது அம்மா.

நான் எலெக்ட்ரிக்கலில் பி.இ. முடித்தவன். மெஷின்ஸ் பேப்பர் ரெண்டு செமஸ்டர் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு மோட்டார் ஏன் கத்துகிறது, இன்னொன்று ஏன் முனகுகிறது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அப்படி ஒரு கேள்வி எங்கள் வினாத்தாளில் வந்ததே இல்லை. அந்த விடிகாலையிலிருந்து படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

*

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்பது எளிது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லாப் பொருள்கள் திட்டத்தைத் தொடங்கியது. ரேஷன் கார்டுள்ள குடும்பங்களின் பெண்களுக்கு ஒரு மிக்ஸி, ஒரு டேபிள்டாப் கிரைண்டர், ஒரு டேபிள் ஃபேன். எங்கள் வீட்டுக்கும் முதலமைச்சர் படம் ஒட்டிய மூன்று பெட்டிகள் வந்தன. அரசியலை ஒதுக்கிவிட்டு இன்ஜினியராகப் பார்த்தால், அந்தப் பெட்டிகளில் இருந்தவை மூன்று மோட்டார்கள். மூன்றுக்கும் அதே 230 வோல்ட், அதே 50 ஹெர்ட்ஸ். ஆனால் ஃபேன் காற்றின் சத்தத்தைத் தாண்டிக் கேட்பதில்லை. கிரைண்டர் அடித்தொண்டையில் உறுமுகிறது, பக்கத்தில் நின்று பேசலாம். மிக்ஸி ஓடினால் பக்கத்து வீட்டுக்குத் தெரியும் நம் வீட்டில் இன்றைக்குச் சட்னி என்று.

இந்த வித்தியாசம் தற்செயலாக வந்ததில்லை. அதற்கு இருநூறு வருட வரலாறு இருக்கிறது.

1821 செப்டம்பர் 3. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனின் சோதனைக்கூடத்தில் மைக்கேல் ஃபாரடே ஒரு கிண்ணத்தில் பாதரசம் ஊற்றி, நடுவில் ஒரு காந்தத்தை நிறுத்தி, மேலிருந்து தொங்கவிட்ட கம்பியின் நுனி பாதரசத்தில் படும்படி வைத்தார். பேட்டரியை இணைத்ததும் கம்பி காந்தத்தைச் சுற்ற ஆரம்பித்தது. மின்சாரத்தால் தொடர்ந்து சுழன்ற முதல் பொருள் இதுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் கவனித்தது வேறொன்று. அந்த மோட்டார் ஏறத்தாழ மௌனமானது. திரவத்துக்குள் ஒரு கம்பி நகர்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அதைக்கொண்டு ஒரு வேலையும் செய்ய முடியாது. வேலை செய்யும் மோட்டார் வேண்டுமென்றால் பலமான மின்காந்தங்கள் வேண்டும். அங்கே ஒரு சிக்கல் வருகிறது. சுழலும் காந்தத்தின் வட முனை, நிற்கும் காந்தத்தின் தென் முனைக்கு எதிரே வந்ததும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அது ஒட்டுவதற்குள் மின்சாரத்தின் திசையை மாற்றிவிட வேண்டும். ஒரு சுற்றுக்குள் பல முறை, சரியான இடத்தில். இதற்காக வந்ததுதான் கம்யூட்டேட்டர். தண்டோடு சேர்ந்து சுழலும் செம்புத் துண்டுகள், அவற்றின் மேல் உரசியபடி மின்சாரத்தைக் கொடுக்கும் பிரஷ். 1830-களில் இந்த அமைப்பு நிலைபெற்றது. மோட்டாரின் இரைச்சலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1837-ல் அமெரிக்காவில் மின் மோட்டாருக்குக் காப்புரிமை வாங்கிய தாமஸ் டேவன்போர்ட் ஒரு கொல்லர். மின்காந்தத்தின் கம்பிகளுக்கு இன்சுலேஷன் தேவைப்பட்டபோது, அவர் மனைவி எமிலி தன் கல்யாணப் பட்டுடையை நாடா நாடாகக் கிழித்துக் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. காப்புரிமை கணவர் பெயரில். இந்தக் கதையைப் படித்தபோது எனக்குப் புறக்கடை அம்மி ஞாபகம் வந்தது.

பிரஷ் என்ற பெயரே ஒரு குறிப்புதான். ஆரம்பத்தில் அது நிஜமாகவே செம்புக் கம்பிகளைக் கட்டிய தூரிகை போன்ற ஒன்று. செம்போடு செம்பு உரசித் தேய்ந்தது, தீப்பொறி பறந்தது. 1885-ல் ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் கம்பிகளுக்குப் பதிலாகக் கார்பனைப் பயன்படுத்தும் யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு மிக்ஸி நின்றுபோனால் ரிப்பேர் கடைக்காரர், “கார்பன் போயிருச்சுங்க” என்று 50 ரூபாய்க்கு மாற்றித் தருகிறாரே, அதுதான். ஆக, 19-ம் நூற்றாண்டின் அந்த ஏற்பாடு நம் சமையலறையில் இன்னும் அப்படியே உயிரோடு இருக்கிறது.

*

உரசாமல் ஒரு மோட்டாரைச் சுற்ற முடியாதா?

முடியும் என்று 1880-களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் கண்டுபிடித்தார்கள். இத்தாலியின் டூரின் நகரில் கலிலியோ ஃபெராரிஸ் 1885-ல் அப்படியொன்றைச் செய்து பார்த்து, 1888-ல் கட்டுரையாக வெளியிட்டார். அதே 1888 மே மாதம் நியூயார்க்கில் நிகோலா டெஸ்லா அமெரிக்க மின்பொறியாளர்கள் முன்னிலையில் தன் மோட்டாரைப் பற்றி உரையாற்றினார். யோசனை எளிமையானது. வெளியே நிற்கும் சுருள்களில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கும் மின்சாரத்தைக் கொடுத்தால், சுருள்கள் அசையாமலே அவற்றின் காந்தப்புலம் மட்டும் சுற்றி வரும். அதற்குள் ஒரு உலோக உருளையை வைத்தால், அது புலத்தைத் துரத்திக்கொண்டு தானும் சுழலும். பிரஷ் வேண்டாம், கம்யூட்டேட்டர் வேண்டாம். தொடுவது இரண்டு முனையிலும் உள்ள பேரிங் மட்டும். இதுதான் இண்டக்‌ஷன் மோட்டார்.

ஃபெராரிஸ், தன் மோட்டாருக்கு வணிக எதிர்காலம் இல்லை என்று நினைத்தார். பொறியாளர்கள் ஆறுதலுக்கு நினைவில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த வருடமே பெர்லின் ஏ.இ.ஜி. நிறுவனத்தில் மிகைல் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி மூன்று ஃபேஸில் ஓடும் மோட்டாரைச் செய்தார். 1891-ல் லாஃபன் என்ற ஊரிலிருந்து 175 கிலோமீட்டர் தூரம் கம்பியில் கொண்டுவந்த மின்சாரம், ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் அவருடைய 100 குதிரைத்திறன் மோட்டாரை ஓட்டியது. அந்த மோட்டார் தண்ணீரை மேலே ஏற்ற, ஒரு செயற்கை அருவி கொட்டியது. பம்ப் செட்டின் பாட்டன் என்று அதைச் சொல்லலாம்.

இண்டக்‌ஷன் மோட்டார் உரசுவதில்லை, ஆனால் முனகும். காரணம் காந்தம். காந்தம் இழுக்கும் விசை, மின்சாரம் எந்தத் திசையில் பாய்கிறது என்று பார்ப்பதில்லை. வடக்கானாலும் தெற்கானாலும் இரும்பை இழுக்கத்தான் செய்யும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நொடிக்கு 50 முறை ஒரு திசையிலும் 50 முறை எதிர்த்திசையிலும் உச்சத்துக்குப் போவதால், இரும்புச் சட்டம் நொடிக்கு 100 முறை இழுபடுகிறது. அதனால்தான் கிரைண்டர், ஃபிரிட்ஜ், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே சுருதியில் ‘ம்ம்ம்’ என்கின்றன. அந்த 100 ஹெர்ட்ஸ்தான் நம் தெருவின் ஆதார சுருதி. வீட்டுக்கு வருவது ஒற்றை ஃபேஸ் என்பதால் சுழற்றும் விசையும் அதே வேகத்தில் ஏறி இறங்கி, முனகலைக் கொஞ்சம் கூட்டும்.

இதோடு முடிந்திருந்தால் எல்லா இண்டக்‌ஷன் மோட்டாரும் ஒரே மாதிரி அடக்கமாக இருந்திருக்கும். அப்படி இல்லை. வெளிச்சட்டத்தில் சுருளை வைக்கப் பள்ளங்கள் இருக்கின்றன, உள்ளே சுழலும் ரோட்டாரிலும் பள்ளங்கள் இருக்கின்றன. ஒன்றின் பள்ளம் இன்னொன்றின் பல்லைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் இழுப்பு மாறுகிறது. இரண்டு எண்ணிக்கைகளும் ஏடாகூடமாகப் பொருந்தினால் சட்டமே மணிபோல அதிரும். எந்தெந்த எண்களைச் சேர்க்கக்கூடாது என்று விதிகளை வகுத்து 1931-ல் ஒரு கட்டுரை எழுதினார் கேப்ரியல் க்ரான். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன மனிதர். 1920-களில் வேலையை விட்டுவிட்டு, நடந்தே உலகைச் சுற்றிவரப் புறப்பட்டவர். அவருடைய கட்டுரைத் தலைப்பிலேயே இரைச்சல் என்ற சொல் இருக்கிறது. இன்னொரு வைத்தியமும் உண்டு. ரோட்டாரின் பள்ளங்களை நேராக வெட்டாமல் லேசாகச் சாய்த்துவிடுவது. அப்படிச் செய்தால் ஒரு பல் முழுவதும் ஒரே நேரத்தில் கடக்காமல் வழுக்கிக்கொண்டு போகும், அதிர்வு குறையும். எந்தக் காயில் கட்டும் கடையிலாவது பழைய ரோட்டார் கிடந்தால் பாருங்கள், அந்தச் சாய்வுக் கோடுகள் தெரியும்.

ஆக, மோட்டார் ஏன் சத்தம் போடுகிறது, அதைக் குறைப்பது எப்படி என்பதெல்லாம் அம்மா பிறப்பதற்கு முப்பது வருடம் முன்பே எழுதிவைக்கப்பட்டிருந்தது. பிறகு ஏன் மிக்ஸி கத்துகிறது?

*

ஊரடங்கு நாளொன்றில் எங்கள் மிக்ஸியைக் கழற்றினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, “திரும்பி மாட்டிருவியா?” என்று மூன்று முறை கேட்டார்.

காரணம் ஒரு பெருக்கல் கணக்கில் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸில் ஓடும் இண்டக்‌ஷன் மோட்டாரின் காந்தப்புலம், எப்படிக் கட்டினாலும் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டாது. 50-ஐ 60-ஆல் பெருக்கினால் வரும் எண் அது. வழக்கமாகக் கிரைண்டரில் இருப்பது அதிலும் பாதி, சுமார் 1,440. மிக்ஸியின் பிளேடோ நிமிடத்துக்கு 18,000 முறை சுற்றுகிறது. காய்ந்த மல்லியும் கடலைப்பருப்பும் ரெண்டு நிமிடத்தில் பொடியாக வேண்டுமென்றால் அந்த வேகம் வேண்டும்.

எடையும் ஒரு காரணம். மோட்டாரின் பருமனைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் முறுக்கு விசை. 750 வாட்டை 18,000 சுற்றில் எடுத்தால் 0.4 நியூட்டன் மீட்டர் போதும். அதே 750 வாட்டை 1,440 சுற்றில் எடுத்தால் சுமார் 5 வேண்டும். பன்னிரண்டு மடங்கு. அதாவது அதற்கேற்ற செம்பு, அதற்கேற்ற இரும்பு, அதற்கேற்ற விலை. வேகமாகச் சுற்றினால் மோட்டார் சின்னதாகும், மலிவாகும், அலமாரியில் தூக்கி வைக்கலாம்.

இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தவர்கள் நாம் இல்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரில், செஸ்டர் பீச், லூயிஸ் ஹாமில்டன் என்ற இருவர் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீட்டுச் சாமான்களுக்கென்று வேகமான சின்ன மோட்டார்களை உருவாக்கினார்கள். ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடுவதால் அதற்கு யுனிவர்சல் மோட்டார் என்று பெயர். ஏ.சி.யில் மின்சாரம் திசை மாறும்போது வெளிக்காந்தம், உள்காந்தம் இரண்டும் ஒன்றாகத் திசை மாறும், அதனால் சுழலும் திசை மாறாது. வேகத்துக்கு 3,000 என்ற சுவரும் கிடையாது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை, விட்டுவந்த கம்யூட்டேட்டரையும் பிரஷையும் திரும்பக் கூட்டிவந்தது. 1910-ல் அவர்கள் பெயரில் ஹாமில்டன் பீச் நிறுவனம் அங்கே தொடங்கியது. 1922-ல் ஜாரின் அடியில் பிளேடை வைத்துச் சுற்றும் கருவிக்குக் காப்புரிமை கேட்ட ஸ்டீஃபன் போப்லாவ்ஸ்கியும் அதே ஊர்க்காரர்தான்.

எங்கள் மிக்ஸியைத் திறந்து எண்ணினேன். கம்யூட்டேட்டரில் 24 செம்புத் துண்டுகள். அடியில் குளிர்விக்கும் விசிறிக்கு 10 இறக்கைகள். 18,000 சுற்று என்றால் நொடிக்கு 300. இறக்கைகள் காற்றை அறைவது நொடிக்கு 3,000 முறை. செம்புத் துண்டுகள் பிரஷைத் தட்டுவது 7,200 முறை. மனிதக் காது எந்தச் சுருதிக்கு எவ்வளவு கூர்மை என்று 1933-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து வரைந்தார்கள். அந்த வரைபடத்தில் காது மிகக் கூர்மையாக இருக்கும் இடம் 3,000, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். 100 ஹெர்ட்ஸ் அருகே காது மந்தம். கிரைண்டரின் முனகல் நம் காது அசட்டை செய்யும் இடத்தில் விழுகிறது. மிக்ஸியின் விசிறி, காதின் கூரான முனையில் போய் நிற்கிறது. சத்தத்தின் அளவு ஒருபுறம் இருக்க, விழும் இடமும் அப்படி.

*

இந்தியாவில் மிக்ஸியின் கதை 1963-ல் பம்பாயில் ஆரம்பிக்கிறது. சத்ய பிரகாஷ் மாதுர் என்ற பொறியாளரின் வீட்டிலிருந்த வெளிநாட்டு மிக்ஸி, நம்மூர் அரைப்புக்குத் தாங்காமல் எரிந்துபோனது. பழச்சாறுக்கும் கேக் மாவுக்கும் செய்த மோட்டார், ஊறவைத்த பருப்பையும் கொப்பரையையும் பார்த்தால் என்ன செய்யும்? அவர் மனைவி மாதுரிக்கு உதவப் போய் உருவானதுதான் சுமீத். கடினமான அரைப்புக்கென்று வலுவாக்கிய யுனிவர்சல் மோட்டார். இன்றைய எல்லா இந்திய மிக்ஸியும் அதன் வழிவந்ததுதான்.

கோயம்புத்தூரின் கதை வேறு பாதை. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்ததும் மில்களும் கிணற்றுப் பம்புகளும் பெருகின. 1937-ல் ஜி.டி. நாயுடுவின் யு.எம்.எஸ். தொழிற்சாலையில் டி. பாலசுந்தரம் நாயுடு செய்த மோட்டாரைத்தான் இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டார் என்று குறிப்பிடுகிறார்கள். அதன் பிறகு அந்த ஊருக்குக் கைவந்தது இண்டக்‌ஷன் மோட்டார். வார்ப்படம், வைண்டிங், கடைசல் என்று எல்லாமே தெருவுக்குத் தெரு கிடைத்தது. 1955-ல் பி. சபாபதி ஆட்டுக்கல்லை மோட்டாரோடு இணைத்தபோது அவர் கைக்கெட்டியதும் அதுதான்.

இந்த இடத்தில் ஒரு அதிர்ஷ்டமும் உண்டு. மாவுக்கு வேகம் ஆகாது. வேகமாக அரைத்தால் மாவு சூடாகும், உளுந்து பொங்காது என்று அம்மாவே சொல்வார். கல் மெதுவாகச் சுற்றினால் போதும். அதனால் 1,440 சுற்றையும் பெல்ட் போட்டு இன்னும் குறைத்தார்கள். கிரைண்டர் சத்தம் குறைவாக இருப்பதற்குக் காரணம் யாரோ நம் காதை நினைத்துப் பார்த்தது இல்லை. உளுந்தை நினைத்துப் பார்த்தார்கள், காதுக்கும் சேர்த்து நல்லதாகிவிட்டது.

மூன்றாவது பெட்டியில் வந்த ஃபேனும் அப்படித்தான். அதுவும் இண்டக்‌ஷன், அதுவும் மெதுவானது. ஆனால் கூரையில் தொங்கும் அதன் அண்ணனைக் கவனித்திருப்பீர்கள். பழைய டப்பா ரெகுலேட்டர் இருந்த காலத்தில் சத்தமே வராது. சின்னதாக, அழகாக எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் மாட்டியதும், ரெண்டாம் நம்பரில் வைத்தால் ‘கிர்ர்’ என்றது. டப்பா, மின்னழுத்தத்தைச் சீராகக் குறைத்து மிச்சத்தைச் சூடாக வீணடித்தது. எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் ஒவ்வொரு மின்னலையிலும் ஒரு துண்டை வெட்டி எறிகிறது. வெட்டுப்பட்ட அலையின் கூரான விளிம்புகள் புதுப்புது சுருதிகளைக் கொண்டுவந்து சுருளையும் தகடுகளையும் அதிர வைக்கின்றன. அதே மோட்டார், அதே ஃபேன். சத்தம் வந்தது சுவரிலிருக்கும் பொத்தானிலிருந்து.

இங்கேதான் இந்த வரலாறு என் தொழிலுக்குள் நுழைகிறது. இன்றைய மோட்டார்கள் பலவற்றில் மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுப்பது ஒரு நிரல். எவ்வளவு வேகமாக வெட்டுவது என்பது அதில் ஓர் எண். ஜப்பானில் 1998-ல் கெய்க்யு ரயில்வேயில் ஓட ஆரம்பித்த 2100 வரிசை ரயில்கள், நிலையத்தைவிட்டுக் கிளம்பும்போது ‘டோ, ரே, மி, ஃபா’ என்று ஸ்வரம் ஏறுவதுபோல ஒலித்தன. அந்தக் காலத்து மின் சுவிட்சுகளால் நொடிக்கு சில நூறு முறைதான் வெட்ட முடியும். அது காதில் விழும் சுருதி. எப்படியும் ஒலிக்கத்தான் போகிறது, இசையாக ஒலிக்கட்டுமே என்று சீமென்ஸ் பொறியாளர்கள் அந்த எண்களை ஸ்வரப் படிகளில் அமைத்துவிட்டார்கள். பிறகு வேகமான சுவிட்சுகள் வந்தன. 2021-ல் கடைசியாகப் பாடிய கெய்க்யு ரயிலும் மௌனமானபோது ஜப்பானில் அதற்கு ரசிகர்கள் வருத்தப்பட்டார்கள். நம் ஊரில் இப்போது விற்கும் பி.எல்.டி.சி. ஃபேனும் இந்தக் குடும்பம்தான். நொடிக்கு 4,000 முறை வெட்டினால் கீச்சென்று கேட்கும், 20,000 முறை வெட்டினால் காதைத் தாண்டிவிடும். ஆனால் வேகமாக வெட்டினால் சிப்பு சூடாகும். எந்த எண்ணைப் போடுவது என்று என்னைப் போல ஒருவன் எங்கோ உட்கார்ந்து முடிவு செய்கிறான்.

*

படித்தவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிந்தது இதுதான். மோட்டார் சத்தத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு முடிவு இருக்கிறது. எடை, விலை, வேகம், சூடு, சத்தம் என்று ஐந்தை மேசையில் வைத்து, எதை விட்டுக்கொடுப்பது என்று யாரோ முடிவு செய்கிறார்கள். அந்த மேசையில் எந்தக் காது இல்லையோ, அதன் மேல் சத்தம் இறங்குகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் அந்த மேசையில் காதுக்கு ஓர் இடம் கொடுத்தது. வாக்குவம் கிளீனரிலும் மிக்ஸியில் உள்ள அதே யுனிவர்சல் மோட்டார்தான் வழக்கமாக இருக்கும். 2017 செப்டம்பர் முதல் அங்கே விற்கும் வாக்குவம் கிளீனர்கள் 80 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று விதி வந்தது. சட்டம் கேட்டதும் பொறியாளர்கள் செய்து கொடுத்தார்கள். நான் கடைசியாக வாங்கிய மிக்ஸியின் பெட்டியில் வாட் பெரிய எழுத்தில் இருந்தது, சுற்று இருந்தது, ஜார்களின் லிட்டர் இருந்தது. டெசிபல் எங்கேயும் இல்லை. நானும் கேட்கவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று நடந்தது. மின்சாரக் கார்கள் வந்தபோது, மெதுவாகப் போகையில் அவை கிட்டத்தட்டச் சத்தமே போடவில்லை. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து ஃபாரடேயின் கிண்ணத்துக்கே திரும்பியதுபோல. எல்லோரும் மகிழ்ந்தபோது, பார்வையற்றவர்கள் மறுத்தார்கள். கார் வருவது எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அமெரிக்காவின் பார்வையற்றோர் அமைப்பு இதற்காகப் போராடி, 2011-ல் அங்கே சட்டம் கையெழுத்தானது. ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் விற்கும் எல்லாப் புதிய மின்சாரக் கார்களும், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம்வரை செயற்கையாக ஒலி எழுப்ப வேண்டும். மோட்டாரை மௌனமாக்கப் பாடுபட்ட துறை, ஸ்பீக்கர் வைத்து அதைத் திரும்பப் பேச வைக்கிறது. நமக்கு இரைச்சலாக இருப்பது இன்னொருவருக்கு வழி.

இது வீட்டுக்குள்ளும் உண்மை என்பதைக் கடைசியில்தான் தெரிந்துகொண்டேன்.

மன்னிப்புக் கேட்கத் தெரியாத மகன்கள் பொருள் வாங்கிக் கொடுப்பார்கள். கண்ணாடிபோல மூடி போட்டு சத்தத்தை அடைக்கும் மிக்ஸி ஒன்றைப் போனில் அம்மாவிடம் காட்டினேன். “இதுல பாதி சத்தம்கூட வராதும்மா. வாங்கிரலாமா?”

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “உள்ள போட்டு மூடிட்டா, அரைஞ்சிருச்சான்னு எப்படித் தெரியும்?”

எனக்குப் புரியவில்லை. அம்மா செய்து காட்டினார். ஜாரில் தேங்காயும் பொட்டுக்கடலையும் போட்டு ஓடவிட்டார். முதலில் சத்தம் கீழே இறங்கித் திணறியது, பிறகு மெல்ல மெல்ல மேலேறியது, ஓரிடத்தில் சீராக நின்றது. “இப்ப அரைஞ்சிருச்சு பாரு” என்று அணைத்தார். திறந்தால், சரியான பதம்.

இது பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். இண்டக்‌ஷன் மோட்டார் சுமையேறினாலும் வேகத்தைப் பெரிதாக விடாது. யுனிவர்சல் மோட்டார் சுமைக்கேற்ப வேகம் மாறும். தேங்காய்த் துண்டு சிக்கினால் மெதுவாகும், விழுதானதும் வேகம் பிடிக்கும். வேகம் மாறினால் சுருதி மாறும். நான் அதைப் பரீட்சையில் வளைகோடாக வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். அம்மா முப்பது வருடமாக அதைக் காதால் படித்துக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டில் மிக்ஸியின் சத்தத்தைக் கேட்டு எல்லோரும் எரிச்சலடைந்தோம், அதை நிஜமாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவருக்கு வேண்டியிருந்தது மௌனமான மிக்ஸி இல்லை. எந்த நேரத்தில் வேண்டுமானாலும் அதைப் போடும் உரிமை.

புது மிக்ஸி வாங்கவில்லை. மேடையில் அதிர்வு இறங்காமல் இருக்க, மிக்ஸிக்கு அடியில் ஒரு கனமான ரப்பர் விரிப்பு போட்டேன். மேடையின் கடகடப்பு நின்றது. கத்தல் அப்படியேதான் இருக்கிறது. அம்மியைத் தூக்கிப் பழையபடி கிணற்றடியில் சாய்த்து வைத்தோம்.

இப்போதும் வருடத்தில் ரெண்டு மாதம் ஊரிலிருந்து வேலை பார்க்கிறேன். 9 மணி மீட்டிங் இன்னும் இருக்கிறது. சமையலறையில் ஜாரை வைக்கும் ‘டக்’ சத்தம் கேட்டதும், “ஒரு நிமிஷம், எங்க வீட்ல சட்னி அரைக்கறாங்க” என்று சொல்லிவிட்டு நான்தான் மியூட் பண்ணிக்கொள்கிறேன். பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். சத்தம் இறங்குகிறது, திணறுகிறது, ஏறுகிறது. சீராக நிற்பதற்கு ஒரு நொடி முன்னால், இப்போது எனக்கும் தெரிந்துவிடுகிறது.